லுக்வாட்டா தின்ற ஆள்

லோல்வே ஏரியில் ஒருவன் மூழ்கிப் போனால், அவன் உடல் கரை சேரும்வரை ஊரில் ஒரு படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ரகுதா கரையில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறியவனும் இல்லை. மீன் பிடிக்கப் போன ஒபூயா மூழ்கியதோ நிலவில்லாத வாரத்தில். நெத்திலி அளவிலான ஒமேனா மீன், விளக்கு வெளிச்சத்தைத் தேடிக் கூட்டம் கூட்டமாக வருவது அந்த இரவுகளில்தான். சாகிறவன் நிலாக் காலமாகப் பார்த்துச் செத்திருக்கக் கூடாதா என்று கரையில் பலருக்கும் மனதுக்குள் இருந்தது. வெளியே சொல்லத்தான் வெட்கம்.

படகில் போனவர்கள் நான்கு பேர். திரும்பியவர்கள் மூன்று பேர். மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ஏரிக்கடியில் வாழ்கிற ராட்சதப் பிராணி லுக்வாட்டா வந்து ஒபூயாவை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

லுக்வாட்டாவைப் பார்க்காதவர்கள் அந்த ஏரிக்கரையில் குறைவு. கடன்காரனுக்குப் பயந்து அக்கரைக்கு ஓடியவன் பார்த்திருக்கிறான். குடித்துவிட்டுப் படகைப் பாறையில் மோதியவன் பார்த்திருக்கிறான். பாம்புக் கழுத்து, வெள்ளை வயிறு, பெட்ரோமாக்ஸ் மாதிரிக் கண் என்று ஆளுக்கொரு அடையாளம். எவனுக்கு எது கை நழுவிப் போனாலும், அங்கே லுக்வாட்டா வந்து நின்றது. பாவம், அந்தப் பிராணி உண்மையிலேயே தண்ணீருக்கடியில் இருந்தால், தன் பேரில் எழுதப்பட்ட கணக்கைக் கேட்டு நெஞ்சு வெடித்தே செத்திருக்கும்.

ஆனாலும் ஒபூயாவின் மனைவி அபோண்டி நம்பினாள். திரும்பி வந்த மூவரில் ஒருவன் மகாக், அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

“என் கண்ணைப் பார்த்துச் சொல்லுடா. நீ பார்த்தியா?”

“பார்த்தேன்க்கா. படகு மாதிரித் தலை. மச்சானை இடுப்போட கவ்விடுச்சு. நாங்க கத்துனோம், துடுப்பால அடிச்சோம்…”

“அம்மா மேல சத்தியமா?”

“அம்மா குடுத்த பால் மேல சத்தியம்.”

அதற்கு மேல் ஒரு அக்கா என்ன கேட்பாள்?

மூன்றாம் நாள் படகுக்காரர் ஒக்வெனோ வந்தார். அந்தக் கரையில் பாதிப் படகு அவருடையது. கூடவே ஒபூயாவின் பெரியப்பா ஒரியாரோவும், மீன் வாங்கி விற்கிற பெண்கள் சிலரும். வந்து உட்கார்ந்து ஒப்புக்கு அழுதார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

“ஒடெரோ அம்மா,” என்றார் ஒக்வெனோ. மகன் பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்கள். “தண்ணி கொண்டுபோனா தண்ணி திருப்பித் தரும். லுக்வாட்டா தின்னா எதைத் தரும்? எலும்பு கூட மிஞ்சாது. யாருக்காக நாம காத்திருக்கோம்?”

“இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமே, ஐயா.”

ஒரு மீன்காரி மூக்கைச் சிந்தினாள். “நீ பார்க்கலாம் தாயி. எங்க வீட்டுல அடுப்பு பார்க்காது. செத்தவனுக்காக இருக்கிறவங்களும் சாகணும்னு இருக்கா?”

“முறை இருக்கே,” என்றார் ஒரியாரோ. “உடம்பு கிடைக்காதவனுக்கு யாகோ காயைப் புதைக்கிறதுதான் நம்ம முறை. நீ சரின்னு சொன்னா இன்னிக்கே முடிச்சிடலாம்.”

யாகோ மரத்தில் சுரைக்காய் போல நீண்டு தொங்குகிற காய் அது. ஆளுக்குப் பதிலாகக் குழியில் இறக்கிவிட்டால், ஆளையே இறக்கியதாகத்தான் அர்த்தம். அதற்கப்புறம் அவன் செத்தவன். அந்தக் குழி அவன் குழி.

அபோண்டி தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். “சரி,” என்றாள்.

காயைத் துணியில் சுற்றி, வீட்டின் வலப்பக்கம் ஆம்பளைக்குரிய இடத்தில் புதைத்தார்கள். அவள் தலையை மழித்தாள். குழிமண் காய்வதற்குள் படகுகள் இறங்கிவிட்டன. மறுநாள் காலை கரையெங்கும் ஒமேனா வெள்ளியாகக் காய்ந்தது. மூக்கைச் சிந்தினவள் ரெண்டு மூட்டை வாங்கினாள்.

ஒபூயா அதற்கும் மறுநாள் வந்தான்.

கோரைப்புல் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தான். உப்பியிருந்தான், முகம் அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. ஆனால் இடது காலில் சுண்டுவிரல் இல்லை. கல்யாணமான வருஷம் விறகு வெட்டும்போது போன விரல். அன்று கட்டுப் போட்டுவிட்டவள் அபோண்டி. அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் காலைப் பிடித்தாள். உடம்பில் ஒரு பல் படவில்லை. கழுத்திலும் தோளிலும் சின்னச் சின்னக் கட்டமாக, வலைக்கண் அழுந்திய தடம் மட்டும்.

“என் புருஷன். இவரை எந்த மிருகமும் தின்னல, பாருங்க. எல்லாரும் கிட்ட வந்து பாருங்க!”

யாரும் கிட்ட வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஊர் கூடினால் அதுவும் முடியும்.

“எடுத்த எடுப்பிலே அப்படிச் சொல்லாதே,” என்றார் ஒக்வெனோ. “லுக்வாட்டா தின்ன ஆளோட சாயலைத் திருப்பித் துப்பும்னு எங்க அப்பா சொல்லியிருக்கார். நம்பி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா வீடே நாசம்.”

“சாயலுக்கு விரல் கூடவா குறையும்?”

ஒரியாரோ அவளைத் தனியே அழைத்துப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“எனக்கும் தெரியும்மா, அவன் யாருன்னு. ஆனா அவனுக்கு நாம ஏற்கெனவே குழி போட்டுட்டோம். ஒரே ஆளுக்கு ரெண்டாவது குழி வெட்டினா, அது அவனோட நிக்காது. அந்த வாசல்ல இன்னொருத்தனைக் கேக்கும். உன் வாசல்ல இப்ப ஆம்பளைன்னு யாரு இருக்கா? ஒடெரோதான். புருஷனை எடுத்துக்கிறியா, புள்ளையை வச்சுக்கிறியா? நீயே சொல்லு.”

அவளால் சொல்ல முடியவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஊர் பேர் தெரியாத பிணங்களைப் புதைக்கிற கரையோரத்தில் ஒபூயாவையும் புதைத்தார்கள். அந்நியனுக்காக அழுவது கூடாது என்பதால் யாரும் அழவில்லை. அவள் தன் வீட்டில், காயைப் புதைத்த மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அங்கேதான் அவளுக்கு அழ அனுமதி.

சாயங்காலம் தம்பி படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள். அன்றிரவு அவர்கள் கொண்டுபோன ஒக்வெனோவின் புது வலை பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதை முழுசாக விரித்து, ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கண்கூட அறுபடவில்லை.

“லுக்வாட்டா இவ்வளவு பதமாவாடா தின்னுச்சு?”

மகாக் தார்ச்சட்டியைக் கீழே வைத்தான். “காத்து அடிச்சுது. மச்சான் வலைக்குள்ள விழுந்து சுத்திக்கிட்டாரு. அறுத்தா வெளிய எடுத்திருக்கலாம். கத்தி என் கையிலதான் இருந்துச்சு.”

“அப்புறம்?”

“வலை போச்சுன்னா கரைக்கு வராதீங்கன்னு ஒக்வெனோ சொல்லியிருந்தாரு. மீனோட வலையை மேல இழுத்துடலாம்னு மூணு பேரும் இழுத்தோம். மேல வந்தப்ப மூச்சு இல்ல.” அவன் அழ ஆரம்பித்தான். “அப்படியே கொண்டுவந்தா ஏன் அறுக்கலன்னு கேப்பாங்கல்ல? பிரிச்சுத் தண்ணியில விட்டுட்டோம். அக்கா, என்னை அடி. செருப்பால அடி.”

அவள் அடிக்கவில்லை. அடித்தால் அவனுக்கு ஆறிவிடும். அந்த உதவியைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த வார முடிவில் நகரத்து வானொலியிலிருந்து ஒருவன் மைக்கோடு வந்தான். ஒக்வெனோ அவனுக்குப் பொரித்த மீனும் களியும் போட்டு, லுக்வாட்டாவின் நீள அகலத்தையெல்லாம் விளக்கியிருந்தார். கடைசியில் கூட்டத்தோடு அபோண்டியின் வாசலுக்கு வந்தார்கள். மகாக்கும், படகில் போன மற்ற இருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

“அம்மா, நீங்க லுக்வாட்டாவைப் பார்த்திருக்கீங்களா?”

“பார்த்திருக்கேன்.”

கூட்டம் அசைந்தது. ஒக்வெனோவே கொஞ்சம் திகைத்தார். மைக் அவள் வாய்க்கு நெருங்கி வந்தது.

“எப்படி இருந்துச்சு?”

“அதுக்கு மூணு தலை,” என்றாள் அபோண்டி. “மூணு தலையும் என் கையால களி தின்னிருக்கு. ஒரு தலை, நான் குடிச்ச அதே மார்ல பால் குடிச்சுது. கையில கத்தி இருந்துச்சு. ஆனா மனுஷனை விட்டுட்டு வலையைக் காப்பாத்துச்சு. அதுக்குத் தீனி போடுறவர் உங்க பக்கத்துலதான் நிக்கிறார், கேட்டுக்குங்க.”

கூட்டத்தின் கண்கள் ஒக்வெனோ பக்கம் திரும்பின. மைக் பிடித்தவன் மட்டும், “அருமை, அருமை,” என்று தலையாட்டி, ஒயரைச் சுருட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வானொலியைச் சுற்றி உட்கார்ந்தது. பாட்டுக்கு நடுவே அவன் குரல் கணீரென்று வந்தது: ரகுதா கரையில் லுக்வாட்டாவுக்கு மூன்று தலை, கணவனைப் பறிகொடுத்த பெண்ணே நேரில் பார்த்த சாட்சி. பிறகு அவள் குரல் வந்தது. “அதுக்கு மூணு தலை.” அவ்வளவுதான். மீதியை வெட்டிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார்கள்.

பிள்ளைகள் கைதட்டின. மறுநாளே ஒக்வெனோவின் படகுகளில், வெளியூர்க்காரர்கள் பார்ப்பதற்காக, மூன்று தலைப் பாம்பு வரைய ஏற்பாடானது. சாயம் பூசும் வேலையை மகாக்குக்குக் கொடுத்தார்கள். அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை.