பிரதம அதிதி போட்ட சுவிட்ச்

கல்முனையின் வரலாற்றை இனி மிக்ஸருக்கு முன், மிக்ஸருக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்தே எழுதவேண்டும் என்பதைக் கடலலை விளையாட்டுக் கழகம் பேருவகையுடன் அறியத்தந்தது. கழகம் புதிதாக வாங்கிய, பன்னிரண்டு மைக் பூட்டக்கூடிய ஒலி மிக்ஸர். கழகத்திடம் இருந்தது ஒரு மைக்.

அம்ப் எனும் அம்ப்ளிஃபயர் பெட்டியும் ஸ்பீக்கர்களும் ஜெப்றியிடம் இரவல். மெதடிஸ்த சேர்ச்சில் ஒலி பார்ப்பவன் அவன். பழைய ஸ்பீக்கர்களை யாரோ கண்டபடி வயர் பிடுங்கி எரித்தபின், சபையே சேர்ந்து வாங்கிய புதுச் சோடி இது. நாளை ஞாயிறு ஆராதனைக்கு இவை பழுதில்லாமல் திரும்பாவிட்டால், அவனும் அந்தப் பக்கம் திரும்பத் தேவையில்லை.

தலைவர் முஹ்ஸின் விழா நிரலை விளக்கினார்.

"பெரிய ஆளுக்குப் பெரிய பெட்டி. பிரதம அதிதி முதல்ல அம்ப்பப் போடுவாரு. பொறகு நாங்க ஆளுக்கொரு வயரச் செருகுவம்."

"ஐயோ தலைவர்!" ஜெப்றி பதறினான். "அம்ப் ஓடக்குள்ள வயரச் செருகினா டமாரெண்டு ஸ்பீக்கர் போயிரும். வயரெல்லாம் முதல்ல. சத்தத்த முழுசாக் குறைச்சி மிக்ஸரப் போடணும். அம்ப் கடைசி."

"கடைசியா? மாலையப் போட்ட மனிசன் வரிசையில கடைசியா நிக்கிறதா?"

செயலாளர் பஸ்னா குறுக்கிட்டாள். "கலியாண ஊட்டுக்கு மாப்புள எப்ப வாறாரு, தலைவர்? எல்லாரும் வந்து குந்தின பொறகுதானே?"

முஹ்ஸினின் முகம் மலர்ந்தது. நிரலில் கடைசி வரி 'மகுட இணைப்பு' ஆயிற்று.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிரதம அதிதியான ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர் அல்ஹாஜ் அப்துல் ஹமீட், குழந்தைக்குப் பெயர் வைக்கும் பக்குவத்தோடு அம்ப் சுவிட்சைத் தொட்டார். 'ஒலியும் சமுதாயமும்' பற்றி, சமுதாயம் களைக்கும்வரை பேசினார். பின்னர் சம்மாந்துறையில் வேறொரு திறப்புவிழாவுக்குப் புறப்பட்டுப் போனார்.

ஜெப்றி அம்ப்பை நோக்கிப் போனான். நிறுத்தும்போது அதுதான் முதலில் அமத்தவேண்டியது. முஹ்ஸின் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், என்ன வேல பாக்கிறாய்? பிரதம அதிதி தொடக்கி வெச்சத நீ நிப்பாட்டுறதா? ஊர் என்ன செல்லும்?"

"அப்ப ஆரு நிப்பாட்டுற?"

"அந்தத் தரத்துல ஒரு ஆள் வேணும்."

பொருளாளர் நிப்றாஸ் உதவி செய்யும் எண்ணத்தில் மைக் வயரை இழுக்கப் போனார்.

"தொடாதீங்க சேர்!" ஜெப்றி அலறிய அலறலுக்கு மைக்கே தேவைப்படவில்லை.

இரையும் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிர்வாகக்குழு அவசரமாகக் கூடியது. சம்மாந்துறைக்குப் போன் போனது. அழைப்பிதழ் அடித்தால் நிறைவு விழாவுக்கும் வரத் தயார் என்றார் அதிதி. "மாலையும் உண்டுதானே?" என்றும் கேட்டுக்கொண்டார்.

"பாத்தியா?" என்றார் முஹ்ஸின். "எவ்வளவு எளிமையான மனிசன்! வாற வெள்ளி வெப்பம்."

"அதுவரைக்கும் அம்ப் ஓடுறதா?"

"ஓடட்டும். கழகம் இயங்குது எண்டு சனம் நினைக்கும்."

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. குழு எழுந்து பள்ளிக்குப் போனது. மண்டபத்தில் ஜெப்றி மட்டும் நின்றான்.

அவன் அம்ப் சுவிட்சை அமத்தி, வயர்களைக் கழற்றி, அம்ப்பையும் ஸ்பீக்கர்களையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.