பீச்சாங்கையால் அள்ளிய லாவா

நூர் பீவி எங்கேயும் தனியாகப் போகிற ஆளே இல்லை. மகள் லுத்ஃபியா லாவா அள்ளப் போகிறாள் என்று காதில் விழுந்ததும், தாங்கள் குடியிருக்கும் தெங்கேராவில் பாதித் தெருவை வேனில் ஏற்றிக்கொண்டு, ஒரு சட்டி பிரியாணியையும் தூக்கிக்கொண்டு, புக்கிட் காத்திலுக்கு அப்பால் இருந்த அந்த வார்ப்புப் பட்டறை வாசலில் வந்து இறங்கிவிட்டார். மாமிமார் எல்லாரும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி உடுத்தியிருந்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதுவும் தொடங்குமுன்னமே விசிறிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

மலாக்காவில் ஏதப்பா எரிமலை என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் எரிமலைக் கல்லை உலையில் போட்டு உருக்கினால் லாவா தானே வந்துவிடுகிறது! பல்கலைக்கழக ஆய்வுக் குழு அப்படித்தான் அந்தப் பட்டறையின் உலையை ஒருநாள் இரவல் கேட்டிருந்தது. ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்து வழிந்துகொண்டிருந்தது. அங்கே போய், கொதிக்கிற லாவாவின் பக்கத்தில் நின்று மாதிரி எடுக்க ஆள் வேண்டும். இருந்தது ஒரே ஓர் இடம், அதற்குப் போட்டி இரண்டு பேர். ஒருத்தி லுத்ஃபியா. இன்னொருவன் மஸ்ஜித் தானா என்ற ஊரிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிற கவிநேசன்.

வேலை கேட்பதற்குச் சுலபம். உருகிய கல்லை மணல் சரிவில் ஊற்றுவார்கள். நீளமான இரும்புக் கம்பியை அதில் குத்தி, முறுக்கி, ஒரு கட்டியைச் சுருட்டி எடுத்து, சூடு போகுமுன் தண்ணீர் வாளியில் முக்க வேண்டும். சட்டென்று ஆறினால் அது சுத்தமான கறுப்புக் கண்ணாடியாக உறையும், எரிமலையின் வயிற்றுக்குள் என்ன இருந்ததோ அது அப்படியே அதில் தங்கிவிடும். கொஞ்சம் தாமதித்தால் உள்ளே படிகம் பொரிந்துவிடும், பிறகு அது எதற்கும் ஆகாது. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

லுத்ஃபியாவுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லி முடியாது. படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் தொட்டதெல்லாம் ஆறிப்போன கல். யாரோ எங்கேயோ போய் எடுத்து, பெட்டியில் போட்டு, பெயர் எழுதி அனுப்பிய கல். அதை உடைத்து, அரைத்து, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. உயிரோடு ஓடுகிற லாவாவை ஒரு தடவையாவது என் கையால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் என்ன எரிமலைக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அவள் படிப்பு முடிகிறது. இந்த வாய்ப்பை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

கவிநேசன் முதல் தடவையிலேயே எடுத்துவிட்டான். குழுத் தலைவி டாக்டர் சுசீலா அதை உடைத்துப் பார்த்து, பரவாயில்லை என்று தலையாட்டினார். அது போதுமென்று அவன் இரண்டாவது வாய்ப்பைக் கேட்கவில்லை.

அடுத்து லுத்ஃபியா. வெள்ளி நிற அங்கி, முகக்கவசம், முழங்கை வரை கையுறை. பட்டறைக்காரர் சேகரன் அண்ணன் உலையைச் சரித்தார். ஆரஞ்சு நிறத்தில் கல் வழிந்து வந்தது. அம்மாடி, என்ன சூடு! பத்தடி தள்ளி நின்றவளுக்கே முகம் காந்தியது. ஆனால் அவளுக்குப் பயமில்லை, சந்தோஷம்தான். கம்பியைப் பீச்சாங்கையில் பிடித்து ஓரடி முன்னால் வைத்தாள்.

“ம்ஹூம்,” என்று கயிற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

உம்மாவின் அந்தக் கனைப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாலு வயதில் பீச்சாங்கையால் சோறு அள்ளியபோது வந்த கனைப்பு அது. கடையில் வாடிக்கையாளருக்குப் பீச்சாங்கையால் சில்லறை நீட்டியபோதும், விருந்தில் பீச்சாங்கையால் அகப்பை பிடித்தபோதும் வந்தது. கனைப்புக்கு மசியாவிட்டால் அடுத்தது மரக்கரண்டி, அதுவும் விரல் மொழியிலேயே விழும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் பெண்பிள்ளை பீச்சாங்கையால் எதையாவது எடுத்தால், யார் பெத்த பிள்ளை இது என்றல்லவா கேட்பார்கள்! அதனால் எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும் அவளைச் சோத்தாங்கைக்கு மாற்றிவிட்டார்கள். பூப்பந்து ஆடுவதும், சுத்தியலால் பாறை உடைப்பதும், பயிற்சியில் கொதிக்கிற சீனிப்பாகைக் கம்பியில் சுருட்டியதும் பீச்சாங்கைதான். அங்கெல்லாம் உம்மா இல்லை.

அவள் யோசிக்கவே இல்லை. கம்பி தானாகச் சோத்தாங்கைக்கு மாறிவிட்டது. பல்கலைக்கழகம் வரை படித்து என்ன, ஒரு கனைப்புக்குக் கை மாறுகிறதே!

குத்தினாள். முறுக்கினாள். மணிக்கட்டு பாதியிலேயே மக்கர் பண்ணியது. கட்டி கம்பியில் ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளாமல் ஒரு பக்கமாகத் தொங்கியது. வாளிக்கு இரண்டடி இருக்கும்போது பொத்தென்று மணலில் விழுந்து, கண்ணெதிரே மேல்தோல் கறுத்துப்போனது.

“என்னாம்மா ஆச்சு?” என்றார் டாக்டர் சுசீலா. “பிராக்டிஸ்ல நீதானே எல்லாரையும்விட நல்லா பண்ணே?”

என்னவென்று சொல்வாள்? கயிற்றுக்குப் பின்னால் மாமிமார் உச்சுக் கொட்டினார்கள். “பாவம்லா, பொம்பளப் புள்ள, சூடு தாங்கல,” என்று ஒருவர் சொன்னது நன்றாகவே கேட்டது. அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முகக்கவசத்தைக் கழற்றாமல் ஓரமாகப் போய் நின்றாள்.

கவிநேசன் தண்ணீர் போத்தலோடு வந்தான். “ஏய், ஏன் கைய மாத்தினே? உனக்கு அந்தக் கைதானே வரும்?”

“உம்மா நிக்கிறாங்கடா.”

“நின்னா?”

“உனக்குப் புரியாது.”

“எல்லாம் புரியும். எங்க வீட்லயும் இதே கதைதான், எங்க அக்கா பட்ட அடி எனக்குத் தெரியாதா?” அவனுக்கு மெதுவாகப் பேச வராது, பட்டறை முழுக்கக் கேட்டது. “உன் நல்ல கைய கட்டிப் போட்டுட்டு நான் ஜெயிச்சா அது எனக்கு மானக்கேடுலா. ஒழுங்கா வந்து போட்டி போடு!”

மாமிமார் விசிறியை நிறுத்திவிட்டு ஒட்டுமொத்தமாக நூர் பீவியின் பக்கம் திரும்பினார்கள். நூர் பீவி யாரையும் பார்க்காமல், கலையாத முக்காட்டைச் சரி செய்துகொண்டிருந்தார்.

உலை மறுபடியும் சரிந்தது. லுத்ஃபியா கம்பியைப் பீச்சாங்கையில் எடுத்தாள். கனைப்பு வரட்டும், மரக்கரண்டியே வரட்டும், இந்தக் கை இனி மாறாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் காது அந்தப் பக்கமே இருந்தது. ஓரடி வைத்தாள். கனைப்பு வரவில்லை. இன்னோரடி வைத்தாள். அப்போதும் வரவில்லை.

இந்த முறை லாவா கெட்டியாக இறங்கியது. ஓரம் அதற்குள் தோல் கட்டத் தொடங்கியிருந்தது. நல்ல குழம்பு அடியில் இருந்தது, அதற்கு இன்னும் நெருங்க வேண்டும். நெருங்கினாள். அங்கிக்குள் வியர்வை ஆறாக ஓடியது. கம்பியை ஓங்கிக் குத்தினாள், தோல் கிழிந்து உள்ளிருந்து பளீரென்று மஞ்சள் பொங்கியது. முறுக்கினாள். கனம் இழுத்தது. காற்று திசை மாறி அனல் நேராக முகத்தில் அடிக்க, அவள் கால் தன்னையறியாமல் பின்னால் போனது.

“உடாதேடி!”

பட்டறையே அதிர்ந்தது. நூர் பீவி நாற்காலியை விட்டு எழுந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் பொது இடத்தில் உயர்த்தாத குரலை உயர்த்திக் கத்தினார்.

“உடாதே லுத்ஃபியா! அந்தக் கைதான்! பீச்சாங்கைதான்! நல்லா முறுக்கி இழுடி என் தங்கமே!”

முறுக்கினாளே ஒரு முறுக்கு! எத்தனை வருடம் அடங்கிக் கிடந்த கை அது! லாவா அல்வா மாதிரி இழுபட்டு, சுழன்று, கம்பி முனையில் பந்தாகத் திரண்டது. அப்படியே திரும்பி, இரண்டே எட்டில், வாளிக்குள் முக்கினாள். புஸ்ஸென்று ஆவி எழும்பி அவளை மறைத்தது. தண்ணீர் கொதித்துப் படபடவென்று சத்தம் போட்டது.

டாக்டர் சுசீலா கட்டியை எடுத்து உடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். நடு வரைக்கும் கறுகறுவென்று பளபளக்கும் கண்ணாடி, ஒரு பொட்டுப் படிகம் கிடையாது. கவிநேசனுடையதில் நடுவில் லேசாகப் பொரி தட்டியிருந்தது. அவனே வாங்கிப் பார்த்துவிட்டு, “சரி, நான் காலி,” என்று சிரித்தான்.

“லுத்ஃபியா, பாஸ்போர்ட்ட எடுத்து வை,” என்றார் டாக்டர் சுசீலா. “ஐஸ்லாந்துக்கு நீதான் போறே.”

மாமிமார் போட்ட சத்தத்தில் சேகரன் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். சூடு தாங்கவில்லை என்று சொன்ன அதே மாமிதான் எல்லாருக்கும் முன்னால் கைதட்டியவர், சும்மா சொல்லக் கூடாது. லுத்ஃபியா முகக்கவசத்தையும் கையுறையையும் பிடுங்கி எறிந்துவிட்டு உம்மாவிடம் ஓடினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பெரியவர்களுக்கு சலாம் கொடுக்கிற வழக்கப்படி, உம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட, குனிந்து சோத்தாங்கையை நீட்டினாள்.

நூர் பீவி அதைத் தொடவில்லை.

“அந்தக் கைய குடு,” என்றார்.

“எந்தக் கை உம்மா?”

“நான் அடிச்ச கை.”

அவள் தயங்கித் தயங்கி நீட்டினாள். நூர் பீவி அந்தப் பீச்சாங்கையை இரண்டு கையாலும் பற்றி, தெங்கேராவே பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து முத்தமிட்டார்.