விட்டுக்கொடுத்துட்டேன்

ஆஸ்பத்திரியின் வெந்நீருக்கும் வார்டுகளின் கதகதப்புக்கும் இரண்டு ஹீட் பம்ப்கள். மொட்டைமாடியில் இருப்பது கரண்டில் ஓடும்; அது என் தம்பியின் பொறுப்பு. நிலவறையில் இருப்பது கேஸ் இன்ஜினில் ஓடும். அது என் பொறுப்பு. இரண்டும் வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டைத்தான் இழுத்துத் தருகின்றன. சாதாரணக் குளிருக்கு மேலே இருப்பது போதும், செலவும் குறைவு. குளிர் முற்றினால் அதற்கு மூச்சு வாங்கும், மேலெல்லாம் பனி கட்டும். அப்போது என்னுடையது கைகொடுக்கும். இன்ஜின் வீணாகக் கக்குகிற சூட்டையும் சேர்த்தே கொடுக்கும். காதைக் கிழிக்கும், என்னைப் போலவே.

எதை எப்போது ஓட்டுவது என்பதை நாங்கள் சண்டை போட்டுப் போட்டுத்தான் கண்டுபிடித்தோம். அவன் மேலே லோடைக் குறைத்ததும் இன்டர்காமில், "அக்கா, விட்டுக்கொடுத்துட்டேன்" என்பான். நான் "சரி" என்று இன்ஜினைக் கிளப்புவேன். அவ்வளவுதான் எங்கள் பாஷை. கேஸ் செலவும் கரண்ட் பில்லும் இறங்கின. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பாழாய்ப்போன பல்லைக் காட்டிக்கொண்டேதான் சொன்னார்: நாங்கள் கண்டுபிடித்ததையெல்லாம் தானாகவே ஓட்டுகிற ஒரு பேனலில் ஏற்றியாகிவிட்டதாம், இனி ஓர் ஆள் போதுமாம், யார் என்று நாங்களே பேசிக்கொள்ள வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அம்மா போனபின் எனக்கென்று இருப்பது அவன் ஒருவன். இருந்தால் இரண்டு பேரும், இல்லையென்றால் இரண்டு பேரும் இல்லை. மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் மேனேஜரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாக இருந்தேன். தம்பியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பனி கொட்டியது. இன்டர்காம் அடித்தது.

"அக்கா, விட்டுக்கொடுத்துட்டேன்."

"சரி சரி, நான் பாத்துக்கறேன்."

அவன் வைக்கவில்லை.

"இன்னும் என்னடா? வேலை கிடக்கு" என்று நானே வைத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினேன். தண்ணீர் தேவைக்கு மேல் கொதித்தது. லோடைச் சரியாகக் குறைக்கவில்லை, தடிமாடு, என்று திட்டிக்கொண்டே வால்வைத் திருகினேன்.

மதியம் மேனேஜர் இறங்கி வந்தார். "தம்பி கிளம்பிட்டாரா? தங்கமான பையன்மா. முழங்கால் வலியோட இருக்கற அக்காவை வேற யாரும் வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு சொல்லி, அவரே ராஜினாமா குடுத்துட்டாரு. மேலிடத்துக்கும் அனுப்பியாச்சு."

நொண்டிக்கொண்டே கதவுக்கு வெளியே ஓடிப்போய் அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"எங்கடா இருக்க?"

"ரயில்லக்கா. துறைமுகத்துல வேலை. அதான் காலையிலயே சொன்னேனே. நேர்ல வந்தா போக மனசு வராதுன்னுதான் இன்டர்காம்ல சொன்னேன்."

"அடப்பாவி! நீ மெஷினைச் சொல்றேன்னு நினைச்சேன்டா!"

அவன் சின்னப் பிள்ளைபோலக் கேட்டான்.

"அப்போ, நீ என்னைப் போகச் சொல்லலியாக்கா?"

இல்லடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.