இடுப்பில் குடம்

ஆண்கள் இப்ராகிமின் உடலை அடக்கத்துக்குக் கொண்டுபோன கையோடு, பரமேஸ்வரி மகளிடம் வந்தார்.

"அந்தக் கிணத்தடிப் படத்தைக் கழட்டி அலமாரிக்குப் பின்னால வை பிள்ளை. கிழவி வாறதுக்குள்ள."

சுமித்ரா கழற்றவில்லை. மாமனார் இப்ராகிமின் கட்டில் விரிப்புகளை உருவிச் சலவைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். சுவிஸ் நகரமான லா ஷோ-து-ஃபோனில் அவர்களுடைய கட்டடத்தின் நிலவறைச் சலவை இயந்திரம் இரண்டு வாரத்துக்கு ஒருநாள்தான் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும். சாவீடு என்றாலும் முறை முறைதான்.

கிழவி என்றது மாமனாரின் அக்கா ஹலீமாவை. பாலஸ்தீனத்தில் அவர்கள் பிறந்த ஊர் நாற்பத்தெட்டுப் போரில் தரைமட்டமானது. அதைக் கண்ணால் கண்டவர்களில் இனி மிச்சம் அவர் ஒருவர்தான். இப்ராகிம் ஆயுள் முழுக்க அந்த ஊரையே நினைவிலிருந்து வரைந்தார். கடைசி இரண்டு வருடம் கை நடுங்கியதால், அவர் சொல்லச் சொல்ல மருமகள் வரைந்தாள்.

கிணற்றடிப் படத்தில்தான் சறுக்கினாள். தண்ணீர் கொண்டுவரும் பெண்ணுக்குக் குடத்தை இடுப்பில் வைத்துவிட்டாள். பரமேஸ்வரி எதையும் இடுப்பில்தான் தூக்குவார். மகளின் கைக்கும் அதுவே வந்தது. மாமனார் தூரிகையை வாங்கி அந்தப் பெண்ணின் உடுப்பில் சிவப்பாக ஏதோ குத்தினார், கீழே கையெழுத்திட்டார். அவருடைய பழைய படங்களில் எல்லாக் குடமும் தலையில் இருப்பதை அவள் பிறகுதான் கவனித்தாள். ஒரு மனிதரின் ஊரையே கெடுத்துவிட்டோமோ என்ற பயம் அன்று பிடித்தது.

ஹலீமா லியோனிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார். அழுதார், கோப்பி குடித்தார், எழுந்துபோய்ப் படத்தின் முன் நின்றார்.

"எங்கட ஊரில ஒருத்தியும் குடத்தை இடுப்பில வைக்கிறேல்லை" என்றார் பிரெஞ்சில்.

சமையலறையில் பரமேஸ்வரி தலையில் கைவைத்தார்.

"அது நான் கீறினது" என்றாள் சுமித்ரா. ஒளிக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இல்லை. "பிழை என்ரதான். ஆனா அவர் அதை அழிக்கச் சொல்லேல்லை."

ஹலீமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். சிவப்புப் புள்ளிகளின் மேல் விரலை மெல்ல ஓட்டினார்.

"இது எங்கட ஊர்த் தையல். வேற ஊரிலயிருந்து கலியாணம் முடிச்சு வாற பிள்ளையளுக்கு எங்கட அம்மாதான் உடுப்பில இதைத் தைச்சுக் குடுப்பா."

சலவை நேரம் போய்க்கொண்டிருந்தது. சுமித்ரா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஹலீமா கதவைத் திறந்து பிடித்தார். அவள் படியிறங்கி முடியும்வரை மூடவில்லை.