ஏழாம் எண் ஜாக்கெட்டின் இடது கை

தோலில் பைலட் ஜாக்கெட் தைக்கிற அந்தக் கம்பெனியில் விமானம் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. மேனேஜருக்கு ஸ்டூல் மேல் ஏறினாலே தலை சுற்றும். வாங்குகிறவர்களும் பெரிய வீரர்கள் இல்லை. பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், அலுவலகத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவர்கள். அந்தத் தோல் பஸ் கம்பிக்கும் நாற்காலி முதுகுக்கும் சாவிக்கொத்துக்கும் எத்தனை நாள் ஈடுகொடுக்கும் என்பதுதான் கம்பெனிக்குத் தெரிய வேண்டிய சமாச்சாரம்.

அதைச் சொல்வதற்கு ஒருத்தி இருந்தாள். எல்லோரும் அவளை லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து ஜாக்கெட்டை வெவ்வேறு வேலை பார்க்கிற பத்துப் பேரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ஒரு வருஷம் தினமும் போட்டுக்கொண்டு திரும்பக் கொண்டுவர வேண்டும். இவள் அவற்றை மேசையில் விரித்து, லென்ஸை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்து, மூன்று கட்டம் போட்ட தாளில் எழுதுவாள். எந்த இடம் தேய்ந்தது, என்ன காரணம், இன்னும் எத்தனை நாள் தாங்கும். போட்டிருந்த ஆள் யாரென்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள், எண் மட்டும்தான். அவளும் கேட்க மாட்டாள். மனுஷன் மழுப்புவான், தோல் மழுப்பாது என்பது அவள் கட்சி.

அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. மூன்றாம் எண்ணின் காலர் வலப்பக்கம் மட்டும் கறுத்திருந்தால், "இந்த ஆள் போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டே பேசறவர்" என்பாள். ஐந்தாம் எண்ணின் இடுப்புப் பட்டை பின்னால் பஞ்சு பஞ்சாகியிருந்தால், "இவரோட நாற்காலிக்கு முதுகுல ஒரு ஆணி நீட்டிக்கிட்டிருக்கு" என்பாள். விசாரித்தால் ஆணி இருக்கும். ஆளைப் பார்க்காமலே ஆளின் ஜாதகத்தை எழுதுகிறவள் என்று கம்பெனியில் பேச்சு.

அப்படிப்பட்டவள் ஏழாம் எண்ணில்தான் சறுக்கினாள்.

ஏழாம் எண் அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் ஏழாம் எண்ணுக்குப் பேசிவைத்த ஆள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, இவளே யாரிடமும் சொல்லாமல் அவரைச் சேர்த்துவிட்டாள். முறைப்படி தப்புதான். ஆனால் ஒரு வருஷம் அந்த ஜாக்கெட்டைத் தினமும் கண்ணெதிரில் பார்க்கலாமே என்ற ஆசை. அவரும் வீட்டுக்குள்கூடக் கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிந்தார். குளிர் நாட்களில் அதோடு தூங்கியும் போவார்.

வருஷம் முடிந்து மேசையில் விரித்தபோது, எல்லாம் வழக்கமான வரிசையில்தான் தேய்ந்திருந்தது. முதலில் பிய்வது கைநுனியில் இருக்கிற பின்னல் பட்டை. அடுத்து, சாவி கிடக்கிற பையின் உள்துணி. தோல் கடைசியில்தான். ஆனால் இடது கை மட்டும் கணக்கில் உதைத்தது. தோளிலிருந்து முழங்கைக்குக் கீழ் வரை வெளிப்பக்கம் முழுக்கக் கீறல். மேல் நிறம் போய் அடித்தோல் வெளுத்துத் தெரிந்தது. வலது கை மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மற்ற ஒன்பதில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால், இந்த ஆள் என்ன செய்கிறார் என்றுதான் முதலில் கேட்டிருப்பாள். இது அவளுடைய ஆள். பதினாறு வருஷம் பார்த்துச் சலித்த ஆள். அவரிடம் தெரிந்துகொள்ள இன்னும் என்ன இருக்கிறது? அதனால் பழியைத் தோலின் மேல் போட்டாள். காரணம் என்ற கட்டத்தில், "இடது கை வயிற்றுத் தோலில் வெட்டப்பட்டுள்ளது" என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கத்தி அண்ணன் வந்து நின்றார். தோல் வெட்டுகிறவர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏம்மா, இருபத்திரெண்டு வருஷமா அந்த மேசையில நிக்கிறேன். வயித்துத் தோலை எடுத்துக் கைக்கு வெட்டுவேனா நான்?"

ஒரு தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தொளதொள. வயிற்றுத் தோலைக் காலருக்கு அடியில், பட்டைக்கு உள்ளே என்று மறைவான இடத்துக்குத்தான் போடலாம். கைக்குப் போட்டால் வெட்டுகிறவன் ஏமாற்றுக்காரன் என்று அர்த்தம். அந்த ஒரு வரியில் அவள் அவரை அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"கோபப்படாதீங்கண்ணே. தேஞ்சிருக்கே. நீங்களே பாருங்க."

"தேஞ்சிருக்கறது தெரியுது. வெள்ளிக்கிழமையோட என்னை அட்டைப்பெட்டி கட்டற எடத்துக்கு மாத்தறாங்களாம். அது தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாது.

கத்தி அண்ணன் கையில் ஒரு சின்ன மூட்டை இருந்தது. சோதனைக்குப் போகிற ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும், வெட்டியதுபோக மிஞ்சிய துண்டுகளை எண் போட்டுக் கட்டிவைப்பது அவர் பழக்கம். யாரும் வைக்கச் சொன்னதில்லை. ஏழு என்று எழுதிய மூட்டையைப் பிரித்து இரண்டு துண்டை எடுத்தார். "இது இடது கை ஓரம். இது வலது கை ஓரம். ரெண்டும் ஒரே முதுகு, பக்கத்துப் பக்கத்துல வெட்டினது. உன் மெஷின்ல போடு."

உரசு மெஷினில் இரண்டையும் மாட்டினாள். மூவாயிரம் தடவை முன்னும் பின்னும் தேய்த்துவிட்டு மெஷின் நின்றது. இரண்டு துண்டும் ஒரே மாதிரிதான் மங்கியிருந்தன. லென்ஸை வைத்து நான்கு முறை பார்த்தாள். ஐந்தாவது முறை பார்க்க வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடதுண்ணே. இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"தப்புன்னு மட்டும் சொன்னா, நான் அழுதேன்னு நீ எரக்கப்பட்டுட்டேம்பான் மேனேஜர். அப்ப அந்தக் கை எப்படித் தேஞ்சுது? அதைச் சொல்லு. அப்பத்தான் என் பேரு மிஞ்சும்."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். மூட்டையைக் காட்டிய பிறகு அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. "யாராவது கையப் புடிச்சுக்கிட்டே நடக்கறாங்களோ என்னவோ. ஆளு எப்படி? சோக்காளியா?"

அது யாருடைய ஜாக்கெட் என்று அவருக்குத் தெரியாதே. அவள் சிரித்தாள். ஆனால் கை தானாகப் போய் ஜாக்கெட்டின் முழங்கை மடிப்பைத் திருப்பிப் பார்த்தது. பதினாறு வருஷக் குடித்தனம் அரை நிமிஷம் ஆட்டம் கண்டது என்று சொன்னால் மிகையில்லை.

"இல்லண்ணே," என்றாள், சற்று வேகமாகவே. "கை பட்டா தோல் கீறாது. கையில இருக்கற எண்ணெய் ஏறி கறுத்துப் பளபளன்னு ஆகும். இது வறண்டு கெடக்கு. பட்டது மனுஷக் கை இல்ல."

"அப்ப இந்த வெள்ளை என்ன?"

கீறலுக்குள்ளே பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. ஊசி நுனியால் எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு இல்லை. லிஃப்ட் கிரீஸ் இல்லை. பளபளப்பான வெள்ளைப் பெயின்ட். மரத்துக்கு அடிக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு மூக்கில் வேர்த்தது. மதியம் லீவு சொல்லிவிட்டு, லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் வீட்டுக் கதவு நிலைகள் எல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடித்தவை. ஆறேழு மாசமாகவே வீட்டுக்காரர் அவற்றைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார். "என்ன வீடு கட்டியிருக்கான், ஒரு மனுஷன் நொழைய முடியல." ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று இவளும் கேலி செய்வாள். அவர் சிரிப்பார். அதோடு சரி.

ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிற நிலையில் லென்ஸை வைத்தாள். உள்ளே போகும்போது இடப்பக்கம் வருகிற கட்டையில், தோள் உயரத்திலிருந்து முழங்கை உயரம் வரை பழுப்புத் தீற்றல். ஜாக்கெட்டின் நிறம். வலப்பக்கக் கட்டை ஹால் பக்கத்தில் சுத்தம். சரி, போகும்போது இடிக்கிறார். திரும்பி வரும்போது? சமையலறைக்குள் போய் நின்று ஹாலைப் பார்த்தாள். இப்போது இடப்பக்கம் வந்தது மற்ற கட்டை. அதன் சமையலறைப் பக்கத்திலும் அதே தீற்றல், அதே உயரம். படுக்கையறை நிலை, குளியலறை நிலை, வாசல் நிலை என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள். எங்கேயும் நிலை குறுகியதால் இல்லை. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அவருக்கு இடது பக்கம்.

தினமும் இதே நிலைகளைத் துடைக்கிறவள் அவள். ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஐந்தரைக்கு வீட்டுக்காரர் வந்தார். ஜாக்கெட் ஆபீசில் இருந்ததால் ஸ்வெட்டர் போட்டிருந்தார். வாசலில் நுழையும்போது இடது தோள் நிலையில் உரசியது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"என்ன, இன்னிக்கு நேரமே வந்துட்ட?"

"உக்காருங்க. ஒரு வெளையாட்டு. நேரா அந்தக் காலண்டரைப் பாருங்க. கண்ணைத் திருப்பக் கூடாது. ஸ்பூன் தெரிஞ்சா சொல்லுங்க."

"மெஷினெல்லாம் முடிஞ்சு இப்ப புருஷனா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பின்னால் நின்று வலப்பக்கமாக ஸ்பூனை மெல்ல முன்னே கொண்டுவந்தாள். காதைத் தாண்டியதுமே, "தெரியுது" என்றார். அடுத்து இடப்பக்கம். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "ம், ஆரம்பி" என்றார்.

ஸ்பூன் அவர் கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி, முகத்துக்கு எதிரேயே வந்துவிட்டிருந்தது. மூக்குக்கு நேராக வந்தபோதுதான், "ஆங், தெரியுது" என்றார். அப்புறம் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது.

அவரே சொன்னார்: "போன மாசம் லிஃப்ட் குழியில எடது பக்கமா கயிறு உரசிட்டுப் போச்சு. கயிறுதான் தள்ளி வருதுன்னு நெனச்சு அதை இழுத்துக் கட்டிட்டு வந்தேன்." அவளுக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது. அவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே அழுதாள்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி, ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறதாம். வலி இருக்காது. நேர்ப்பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்கும் தெரியாது.

"கண் கெட்டப்பறம் சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. நாங்க கெடறதுக்கு முன்னாடியே வந்துட்டோம்ல டாக்டர்?" என்றார் வீட்டுக்காரர்.

"எடது கண்ல பாதி கெட்டப்பறம் வந்திருக்கீங்க. போனது திரும்பாது. வலது கண்லயும் இப்பத்தான் மூக்குப் பக்கமா ஆரம்பிச்சிருக்கு, அதான் எடப்பக்கம் எதுவும் தெரியல. அதைக் காப்பாத்திடலாம். சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது. லிஃப்ட் குழிக்குள்ள இனிமே எறங்கவே கூடாது. ஆமா, வலியே இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சு வந்தீங்க?"

"ஒரு ஜாக்கெட் சொல்லிச்சு," என்றார் அவர். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக மேனேஜர் முன்னால் போய் நின்றாள். ஏழாம் எண் தன் வீட்டுக்காரர் என்பதையும், தோலில் குறையில்லை என்பதையும், கண்ணைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். மேனேஜர் வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, கத்தி அண்ணனை அவர் மேசையிலேயே விட்டார். இவளுக்கு ஒரு தண்டனையும் வைத்தார். ஏழாம் எண் இன்னொரு வருஷம் போட்டுத் திரியட்டும். ஆனால் அதைப் படித்து எழுதப்போவது லென்ஸ் அக்கா இல்லை, கத்தி அண்ணன்.

அந்த ஒரு வருஷத்தில் வீட்டுக்காரர் குழியை விட்டு மேலே வந்து, ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து லிஃப்டின் பட்டன் பலகைகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். முதலில் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டது. வெளியே போனால் அவள் அவருக்கு இடது பக்கமாக நடந்தாள்.

வருஷம் முடிந்து, கத்தி அண்ணன் லென்ஸைப் பிடித்த அழகைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூரிக்கட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். இடது கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"பழைய கீறல் அப்படியே இருக்கு. புதுசு ஒண்ணுகூட இல்ல." அவர் முழங்கை மடிப்பைப் புரட்டினார். அங்கே தோல் கறுத்து, மெத்தென்று பளபளத்தது. நாலு விரல் அகலம். வெகுநேரம் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமலே பேனாவை எடுத்தார்.

"காரணம்னு போட்டிருக்கே. என்ன எழுதறது?"

"பொண்டாட்டின்னு எழுதுங்க," என்றாள் அவள்.

அப்படியே எழுதினார். எத்தனை நாள் தாங்கும் என்ற கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல், தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவள் லென்ஸை எடுக்கவில்லை. மடிப்பின் மேல் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தாள், விரல்கள் சரியாகப் பொருந்தின. பேனாவை வாங்கி, தாங்கும் என்று எழுதினாள்.