கோட்டைக் கதவைச் சாத்தியவர்

சித்தூரில் அந்த நாடகக் குழுவுக்குக் கோபிகிருஷ்ணன்தான் ராஜா. மேடையில் மட்டுமல்ல. தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். டீ வாங்கும்போதும் மனு வாங்குகிறவரைப் போலத்தான் கையை நீட்டுவார். ராணியாக நடித்த தாட்சாயணி டீச்சருக்கு அவரைக் கண்டாலே இளக்காரம்.

பழைய சோக நாடகம் அது. எதிரிப்படை துரத்த, ராஜாவின் தம்பி காயத்தோடு கோட்டை வாசலுக்கு ஓடி வருகிறான். அவன் பின்னாலேயே எதிரியும் நுழைந்துவிடுவான் என்று ராஜா கதவைச் சாத்தச் சொல்கிறார். ராணி கதறுகிறாள். தம்பி வெளியே வெட்டுப்பட்டுச் சாகிறான்.

ராஜா ஊரைக் காப்பாற்றிய தியாகி என்பார் கோபிகிருஷ்ணன். தம்பிமேல் ஊர் வைத்த பிரியத்தைப் பொறுக்காத கோழை என்பாள் தாட்சாயணி. இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையிலும் இதே சண்டை. ஆட்சி செய்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும் என்று அவர் சொல்லும்போது, பட்டா மாற்றிக் கொடுத்ததெல்லாம் ஆட்சியா என்று அவள் உதட்டைச் சுழிப்பாள்.

வாயில்காவலனாக நடித்தவன் சீனு, நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். "உத்தரவு மகாராஜா" என்று சொல்லிக் கதவைச் சாத்துவது மட்டுமே அவன் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தம்பியைக் காவலனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்குமா என்று கேட்டான். கோபிகிருஷ்ணன் சிரித்தார். தாட்சாயணியும் சிரித்தாள். இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

திருப்பதியில் போட்டி. அந்தக் கட்டம் வந்தது. கதவைச் சாத்தச் சொன்னார் ராஜா. சீனு அசையவில்லை. மறுபடியும் சொன்னார். வசனம் மறந்துவிட்டானாக்கும், இரண்டு சொல்கூடவா நிற்காது என்று எரிச்சலோடு தாட்சாயணி அடிக்குரலில் எடுத்துக்கொடுத்தாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

"என் கையால ஆவாது மகாராஜா. வோணும்னா நீங்களே சாத்திக்கோங்க."

வேறு வழியில்லாமல் கோபிகிருஷ்ணன் நடந்து போனார். வெளியே கையை நீட்டியபடி தம்பி கிடந்தான். பிளைவுட் கதவு பாதியில் சிக்கியது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தோளால் முட்டித் தள்ளிச் சாத்தினார். கிரீடம் கோணிக்கொண்டது.

இப்போது ராணி அழ வேண்டும். தாட்சாயணி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து கதவு நாலே எட்டுத் தூரம். போய்ப் பிடித்து நிறுத்தலாம் என்று இரண்டு மாதத்தில் ஒருநாளும் தோன்றவில்லையே. பக்கம் பக்கமாக அழுததோடு சரி.

பரிசு கிடைக்கவில்லை. ராஜாவே கதவைச் சாத்தின இடம் மட்டும் பிரமாதம் என்று ஒரு நடுவர் சொல்லிவிட்டுப் போனார். காலை ஷிஃப்ட் இருந்ததால் சீனு வேஷத்தைக் கலைத்துவிட்டு நகரிக்கு ரயிலேறப் போய்விட்டான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேன் கிளம்பியபோது, அவனைக் குழுவை விட்டே நீக்க வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்த கோபிகிருஷ்ணன், காணிப்பாக்கம் வருவதற்குள் ராஜாவே கதவைச் சாத்துகிற யோசனை தன்னுடையது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"இன்னா டீச்சர், கம்முனு கீறீங்க?" என்றார்.

தாட்சாயணிக்கு உதட்டைச் சுழிக்கத்தான் வந்தது. ஆனால் கூச்சமாக இருந்தது. "அது சீனுவோட யோசனை சார்," என்றாள். "நம்ம ரெண்டு பேருக்குமே அது தோணல."