திரும்பி வந்த புத்தகப் பெட்டி

இத்தாலியில் போர்கோ வெக்கியோ என்கிற சந்தைப் பகுதியின் புத்தகப் பெட்டியை முதல் தடவை துறைமுகக் கடலில் தள்ளிவிட்டபோது, மறுநாள் காலை அது நடந்து திரும்பி வந்தது. சந்தை திறக்கிற நேரம். மீன்காரர்கள் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கால் கடல்நீர் ஒழுக, பெட்டி அவர்களைத் தாண்டி வந்து சந்தி மூலையில் தன் பழைய இடத்தில் நின்றுகொண்டது. உள்ளே புத்தகங்கள் நனையவில்லை. யாரும் வைக்காத ஒன்று மட்டும் கூடியிருந்தது. அது படங்கள் உள்ள சிறுபிள்ளைப் புத்தகம். முதற்பக்கத்தில், அந்தத் தெருவில் ஒருவராலும் வாசிக்க முடியாத எழுத்தில் ஒரு பெயர். முதலாம் மாடியில் இருக்கும் கொன்செத்தா என்ற இத்தாலிய அம்மா இறங்கி வந்து, கடலில் போன பிள்ளையொன்றுடையது என்று சிலுவை போட்டுக்கொண்டு, அதை மேல்தட்டில் தனியாக வைத்தார்.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவள் தர்மிளா. யுத்தம் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்தவள். பொலித்தேயாமா நாடக அரங்குப் பக்கத்து மாடிவீடுகளில் படிக்கட்டுக் கழுவுகிற வேலை. அங்கே தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இறந்தபோது, வீட்டை விற்க வந்த பிள்ளைகள் அவருடைய புத்தகங்களைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குவித்துவிட்டுப் போனார்கள். தர்மிளாவுக்கு இத்தாலியன் கதைக்க வருமே தவிர, புத்தகம் வாசிக்கிற அளவுக்கு வராது. ஆனாலும் றோட்டோரம் கிடக்கிற வீட்டுச் சாமானைக் கடந்து நடக்க அவளால் முடியாது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் தன்னுடையதையெல்லாம் அப்படி விட்டுவிட்டு நடந்தவள். சந்தைக்குக் கொண்டுபோகும் உருட்டுப் பையில் புத்தகங்களை வீட்டுக்கு இழுத்து வந்தாள். ஒற்றை அறையில் படுக்க இடமில்லாமற் போனதும், யாரோ வீசிய பிறிட்ஜ் ஒன்றை வினாகிரி போட்டுத் துடைத்து, சந்தி மூலையில் நிறுத்தி, உள்ளே அடுக்கினாள். மழைக்கு அங்கே வெள்ளம் நிற்கும் என்று, கணவன் குலேந்திரன் ஒரு பழைய மேசையின் கால்களைக் கழற்றி அதற்குப் பூட்டினான். கதவில் இரண்டு மொழியிலும் எழுதினார்கள்: எடுங்கோ, வையுங்கோ.

சனம் எடுத்தது, வைத்தது. அங்கே குடியிருக்கிற மன்னார் ஆட்கள் பூசை முடிந்து வருகிற வழியில் செபப்புத்தகங்களும் அட்டை கிழிந்த தமிழ் நாவல்களும் வைத்தார்கள். கொன்செத்தா மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்க, கீழே நிற்கிறவர் எவரோ அவருக்கொரு துப்பறியும் கதையைப் போட்டு அனுப்புவார். கரண்ட் இல்லாத பெட்டிதான், ஆனால் ஓகஸ்ட் வெயிலில் புத்தகங்கள் குளிராகவே வெளியில் வந்தன. சிலர் அவற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த மூலை தன்னுடையது என்று நினைத்தவன் நீனோ. கதிரை போட்டு இடம்பிடித்து, கார் நிறுத்துகிறவர்களிடம் காசு வாங்குகிறவன். பெட்டியை எடுக்கச் சொன்னான். தர்மிளா முடியாது என்றாள். துறைமுகத்தில் தள்ளுவித்தவன் அவன்தான். அது நடந்து வந்ததும், பிரான்காச்சோவில் இரும்பு உடைக்கிற இடத்துக்கு லொறியில் அனுப்பினான். பின்னேரம் பெட்டி பஸ்ஸில் வந்தது. சக்கரக் கதிரைக்காரருக்கான பலகையைச் சாரதி இறக்கிவிட்டதாகவும், வழியெல்லாம் அது ஒருவரையும் இடிக்காமல் நின்றதாகவும் பயணிகள் சொன்னார்கள்.

அதற்குப்பிறகு நீனோ, குலேந்திரன் வேலை செய்யும் மீன்கடைக்குப் போனான். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்கிற காலமல்லவா, ஒரு முறைப்பாடு போனால் நல்லதில்லையே என்று தோளில் தட்டிச் சொன்னான். அன்றைக்குக் குலேந்திரன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"ஒரு பிறிட்ஜுக்காக பெர்மெசோவைத் துலைக்கப்போறியே?"

"எழும்பு எண்டு சொன்ன இடமெல்லாம் எழும்பினம்," என்றாள் தர்மிளா. "ஷெல்லடிக்குள்ள மாத்தளனிலையும் எழும்பினம். இஞ்சை நான் எழும்பமாட்டன்."

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான். சாப்பிடுங்கோ."

மூன்றாம் தடவை நீனோவின் ஆட்கள் ஊர்க்கரையில் சியாகுல்லிக்குக் கொண்டுபோய், மண்டரின் தோடம்பழத் தோட்டமொன்றின் கரையில் வைத்துப் பெட்டியைக் கொளுத்தினார்கள். அது அன்றைக்கு வரவில்லை. அந்தக் கிழமையும் வரவில்லை. கொன்செத்தாவின் கூடை இறங்கி வெறுமையாக ஏறியது. நீனோ மூலையில் கதிரையைப் போட்டுக் காலை நீட்டி இருந்தான். குலேந்திரனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அது அவனுக்கே வெட்கமாக இருந்தது. தர்மிளா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த மூலையால்தான் போய்வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் தெருவில் நிற்கும்போது பெட்டி வந்தது. உடம்பெல்லாம் கரி. ஒரு கால் எரிந்துபோய், மூன்று காலில் நொண்டி, மண்டரின் வாசத்தோடு வந்தது. புத்தகங்களின் ஓரங்கள் மட்டும் பழுப்பாகியிருந்தன. நீனோ கதிரையைவிட்டு எழும்பாததால் அது அவனுக்கு முன்னால் சரிந்தபடி நின்றது. குலேந்திரன் வீட்டுக்குள் போனான். பயந்து கதவைச் சாத்தப்போகிறான் என்றுதான் பலர் நினைத்தார்கள். அவன் தாங்கள் சாப்பிடுகிற மேசையின் கால் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து, நீனோவின் செருப்புக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, பெட்டிக்குப் பூட்டத் தொடங்கினான். ஆணி இரண்டுதரம் விழ, இரண்டுதரமும் தேடி எடுத்தான். அவர்களுடைய மேசை இன்றைக்கும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது.

"நாளைக்கும் எடுப்பிப்பேன்," என்றான் நீனோ.

தர்மிளா துணியும் வினாகிரியுமாகக் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே இத்தாலியனில் சொன்னாள்: "கொண்டுபோ. அதற்கு வழி தெரியும்."

மேலேயிருந்து கூடை இறங்கி நீனோவின் தலைக்கு நேரே நின்றது. கொன்செத்தா அதை விலத்தவில்லை. மீன்காரர்கள் கத்திகளை வைத்துவிட்டு வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நீனோ எழும்பி, கதிரையை மடித்து, தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போனான். முறைப்பாடு ஏதும் போகவில்லை. பெர்மெசோ வரவேண்டிய நேரத்தில் வந்தது.

பிரான்காச்சோ ஆட்கள் கேட்டதால், இப்போது வியாழக்கிழமைகளில் பெட்டி அங்கே போய்வருகிறது. போன மாதம் அப்படியொரு நாளில், வெளியூர் வான்காரர் ஒருவர் வெறுமையாகக் கிடந்த மூலையைக் கண்டு வண்டியை ஏற்ற, நீனோ ஓடிவந்து கண்ணாடியில் தட்டினான்.

"இங்கே விடாதே. ஆள் பிரான்காச்சோவுக்குப் போயிருக்கிறது, பின்னேரம் வந்துவிடும்."

வான்காரர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.